குழாயில் வந்த பூ

ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாசாமி நடந்தால், அவர் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். சாவியைத்தான் பார்ப்பார்கள். தெருமுனையில் புதைந்திருக்கிற வால்வைத் திருகித் தண்ணீர் திறந்துவிடுகிற சாவி அது. "அண்ணா, இன்னைக்கு எங்க தெருவா?" "நேத்தே வுடறேன்னியே, இன்னாச்சு?" "பத்து நிமிஷத்துல மூடிட்டியே, நல்லா இருப்பியா நீ?" பதினோரு வருஷ உத்தியோகத்தில் ஒருத்தராவது "சாப்பிட்டியா அப்பாசாமி" என்று கேட்டிருப்பார்களா? கேட்டதில்லை. அவரும் எதிர்பார்க்கிற ஆள் இல்லை. திருவண்ணாமலையில் அவர் சாவிக்குக் கட்டுப்பட்ட தெருக்கள் இருபத்திரண்டு. எந்த வால்வு எத்தனை சுற்றில் திறக்கும், எது பாதியில் அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

பிறந்தது அடி அண்ணாமலையில். அங்கே ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தவர். கிணற்றில் இடுப்பளவு தண்ணீர் எந்தக் கோடையிலும் நிற்கும். பக்கத்துக் கழனிக்காரர் கரண்டு மோட்டார் போட்டார். அடுத்த கழனிக்காரர் வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார். அதைப் பார்த்து முதல் ஆள் இன்னும் பத்து அடி வெட்டினார். இப்படி ஆளாளுக்குப் போட்டி போட்டு இறங்க, மோட்டார் வாங்க வக்கில்லாத அப்பாசாமியின் கிணற்றில் கடைசியில் தவளைதான் மிச்சம். எழுபத்திரண்டில் மாட்டை விற்றுவிட்டு, ஆதிலட்சுமியையும் பத்து வயசு மகள் சந்திரகலாவையும் அழைத்துக்கொண்டு டவுனுக்கு வந்தார். தண்ணீர் இல்லாமல் ஊரை விட்டு வந்தவனுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை கிடைத்தது. விதிக்குத்தான் எத்தனை நக்கல் பாருங்கள்!

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடை வந்ததே, அது மனிதர்களைச் சோதித்துப் பார்க்க வந்த கோடை. முந்தின ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்துப் போயிருந்தன. ஏரிக்குள் மாட்டு வண்டி குறுக்கே போய்த் தடம் விழுந்துவிட்டது. மலை பொட்டலாகக் காய்ந்து, பகலில் அதன் பக்கத்தில் போனாலே அனல் முகத்தில் அடித்தது. தினமும் வந்த குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றானது. பிறகு நாலு நாளுக்கு ஒருமுறை, அதுவும் அரைமணி நேரம். மேல்நிலைத் தொட்டியில் இருந்தால்தானே விடுவதற்கு? அது பெண்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் காலிக் குடத்தோடு நிற்கிறவள் யாரைத் திட்டுவாள்? கண்ணெதிரே சாவியோடு நிற்கிறவனைத்தான் திட்டுவாள். அந்தக் கோடையில் அப்பாசாமிக்கு விடியற்காலையில் எழும்போதே, இன்றைக்கு எந்தத் தெருவில் எவளிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமோ என்கிற பயம்.

அவர் குடியிருந்த தெரு குட்டைக்கரைத் தெரு. பெயர்தான் குட்டைக்கரை, குட்டை எங்கே? அதைத் தூர்த்துத்தான் வீடுகளைக் கட்டியிருந்தார்கள். சாக்கடை மட்டும் பழைய ஞாபகத்தில் குட்டை இருந்த பள்ளத்துக்கே வந்து நிற்கும். தெருமுனையிலிருந்து நாலு வீடு வரைக்கும் தண்ணீர் விழும். அதற்கப்புறம் குழாய் கனைக்கும், இருமும், அவ்வளவுதான். கடைசி வீடு அப்பாசாமியின் வீடு. ஆதிலட்சுமி குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு தாண்டி ஒரு சத்திரத்துக் கிணற்றுக்குப் போய்வந்தாள். ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவன் பெண்டாட்டி கிணற்றடியில் வரிசையில் நிற்கிறாளே என்று தெருவே சிரித்தது.

நடு வீட்டில் பொன்னி இருந்தாள். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறவள். புருஷன் வேடியப்பன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். ஒருநாள் அவள்தான் அப்பாசாமியின் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

"அண்ணா, குழாய் மேல இருக்கறதாலதான தண்ணி ஏற மாட்டேங்குது? பூமிக்குள்ள இருக்கற தண்ணியப் பூமியிலயே புடிச்சிக்கினா இன்னா?"

குழாயை இறக்கக் கூடாது, இறக்கினவர் பெயரை நகராட்சி ஆபீசில் எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். அப்பாசாமிக்குத் தெரியாதா? ஆனால் பொன்னியின் முகத்தைப் பார்த்தால் சட்டம் நாக்கில் வரவில்லை. அவரே கடப்பாரை எடுத்து இரண்டு முழம் குழி வெட்டினார். அவரே ரம்பம் போட்டுக் குழாயை அறுத்து, குழாய் வாயின் திருகைக் குழிக்குள் மாட்டினார். அடுத்த முறையில் பொன்னிக்கு எட்டுக் குடம் தண்ணீர் வந்தது. "நீ மவராசனா இருக்கணும்ண்ணா" என்றாள். பதினோரு வருஷத்தில் காதில் விழுந்த முதல் வாழ்த்து. மனிதருக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

பாவிக்கு அந்த இடத்தில் அடி அண்ணாமலைக் கிணறு ஞாபகம் வந்திருக்கக் கூடாதா? பொன்னி இரண்டு முழம் வெட்டினால் அடுத்த வீட்டில் தண்ணீர் நின்றுபோகும். அந்த வீட்டுக்காரி இரண்டரை முழம் வெட்டுவாள். எதிர்வீட்டுக்காரி மூன்று முழம் வெட்டுவாள். பொன்னி திரும்பவும் இன்னும் ஒரு சாண் இறக்குவாள். ஒரே மாசத்தில் தெருவில் வீட்டுக்கு ஒரு பள்ளம். இறங்க ஏறப் படி வேறு. குழிக்குள் உட்கார்ந்து, குழாய்க்கடியில் குண்டானை வைத்துப் பிடித்து, மேலே இருக்கிற குடத்தில் ஊற்றுவார்கள். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் திருகைத் திறந்தே போட்டுவிடுவார்கள். குழாய் சீறுகிற சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

அப்பாசாமி தன் வீட்டில் மட்டும் வெட்டவில்லை. உத்தியோகத்தில் இருக்கிறவன் வெட்டலாமா என்று வீராப்பு. அந்த வீராப்பும் சித்திரை மாசம் உதிர்ந்தது. கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்த சந்திரகலா ஏழாம் மாசம் வளையல் போட்டுக்கொண்டு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். மூன்று வருஷம் வயிறு திறக்காமல், மலையைச் சுற்றி, விரதம் இருந்து உண்டான பிள்ளை. ஆதிலட்சுமி அவளைத் தரையில் நடக்க விடவில்லை.

"வாயும் வயிறுமா வந்து நிக்கறா. நான் கெணத்துக்குப் போயிட்டா இவள யாரு பாத்துக்கறது? ஊருக்கெல்லாம் வெட்டிக் குடுத்தீங்க. பெத்த பொண்ணுக்கு வெட்ட மாட்டீங்களா?" என்றாள் ஆதிலட்சுமி.

வெட்டினார். தொழில் தெரிந்தவர் வெட்டினால் எப்படி இருக்கும்? மூன்றரை முழம், சுற்றிலும் கல் பதித்து, தெருவிலேயே ஆழமான குழி. தண்ணீர் கொட்டியது.

சித்திரை கடைசி வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அன்று சாயங்காலமே இடி இடித்து ஒரு பாட்டம் மழை கொட்டியது. எட்டு மாசத்துக்கப்புறம் முதல் மழை! தெரு ஜனமெல்லாம் வெளியே வந்து நனைந்தது. ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் அது ஏரியை நிரப்புகிற மழையா? சாக்கடையைக் கிளப்பிவிட்டுப் போகிற மழை. பள்ளத்தில் நின்ற கறுப்புத் தண்ணீர் புரண்டு வந்து ஒவ்வொரு குழியிலும் இறங்கியது. சனிக்கிழமை காலை குட்டைக்கரைத் தெருவுக்கு முறை. எல்லோரும் அவரவர் குழியை வாளியால் இறைத்துக் கொட்டிவிட்டு, திருகைத் துடைத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்தார்கள். அப்பாசாமியும் தன் குழியை இறைத்துவிட்டுப் போய்த்தான் வால்வைத் திறந்தார்.

அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஆதிலட்சுமி வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

"ஏங்க, இத வந்து பாருங்களேன்."

குடத்தின் வாயில் வடிகட்டக் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் ஒரு கனகாம்பரப் பூ. வாடாமல், நிறம் போகாமல், ஒற்றைப் பூ.

"முதல் குடத்துலங்க. குழாய்லருந்து பூ வந்து வுழுது! நேத்துதான் ஆத்தா கோயில்ல வேண்டிக்கினு வந்தேன், பொண்ணும் புள்ளயும் நல்லபடியாப் பிரியணும், எனக்கு ஒரு பூ குடும்மான்னு. குடுத்துட்டா பாத்தீங்களா?"

சந்திரகலாவுக்குச் சிரிப்பும் வெட்கமுமாக இருந்தது. அப்பாசாமிக்கும் உடம்பு சிலிர்த்தது. இருட்டுக் குழாய்க்குள்ளிருந்து பூ வருவதென்றால் சாமி காரியமில்லாமல் வேறு என்ன? ஆதிலட்சுமி பூவைக் கண்ணில் ஒற்றி விளக்கு மாடத்தில் வைத்தாள். லேசாகக் கலங்கியிருந்தாலும், அந்த முதல் குடத்துத் தண்ணீரை வேறு யாரையும் தொடவிடவில்லை. அது மகளுக்கு மட்டும். தீர்த்தம் என்று சொல்லிச் சொல்லி, வேளைக்கு ஒரு சொம்பு கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை தெருவில் முதல் சேதி வந்தது. இஸ்திரி போடுகிற சின்னசாமிக்கு வாந்தி பேதி. மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று பேர். சாயங்காலம் பொன்னியின் புருஷன் வேடியப்பன் படுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை ஊற்றின கூழ்தான் காரணம் என்று ஒரு கட்சி. ஆத்தாளுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று இன்னொரு கட்சி. சுகாதார ஆய்வாளர் ராமதாஸ் வந்து சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்.

"எத வெச்சி சார் கொதிக்க வெக்கறது? ரேஷன்ல கிருஷ்ணாயில் வந்து மாசமாச்சி" என்று ஒருத்தி கேட்டதும் அவர் பவுடர் டப்பாவோடு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். திங்கட்கிழமை இருட்டுவதற்குள் சின்னசாமி செத்துப்போனார்.

அப்பாசாமி அன்று இரவு தூங்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூழை அவள் தொடவில்லை, அதனால் பயமில்லை என்று தனக்குத்தானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டார். ஆனாலும் அவள் ஏப்பம் விட்டால்கூட "இன்னாம்மா, இன்னா பண்ணுது?" என்று எழுந்து ஓடினார்.

செவ்வாய்க்கிழமை காலை வேடியப்பனைப் பார்க்கப் பொன்னி வீட்டுக்குப் போனார். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு, மாற்றுத் துணி எடுக்க வந்த பொன்னி வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஆறுதல் சொல்ல வாயெடுத்தவர் அவள் வீட்டுக் குழியைப் பார்த்தார். அடியில் முழங்காலளவு கறுப்புத் தண்ணீர் ஊறி நின்றது. திருகு அதற்குள் முழுகியிருந்தது. தண்ணீர்மேல் அறுந்த வாழைநாரும், பூக்கட்டும்போது கழித்துப் போட்ட கனகாம்பரமும் மிதந்தன.

அப்பாசாமி அப்படியே நின்றார். கனகாம்பரம்.

வால்வை மூடும்போதெல்லாம் அவர் காதில் விழுகிற ஒரு சத்தம் உண்டு. உஸ்ஸென்று குழாய் உள்ளுக்கு இழுக்கும். பூமி பெருமூச்சு விடுகிறது என்று அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். காலிக் குழாய் பெருமூச்சா விடும்? வாய்க்கு எட்டியதை இழுக்கும். வெள்ளிக்கிழமை மழையில் குழிகளெல்லாம் நிரம்பியபோது, திறந்து கிடந்த திருகு வழியாக அத்தனை சாக்கடையும் காலிக் குழாய்க்குள் இறங்கியிருக்கிறது. சனிக்கிழமை காலை அவர் சாவி போட்டுத் திறந்தபோது, புதுத் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசி வீட்டில், ஆழமான குழியில், முதல் குடத்தில் கொட்டியிருக்கிறது. அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் மூன்று நாளாகக் கலா குடிக்கிறாள்.

செருப்பை விட்டுவிட்டு ஓடினார். ஐம்பது வயதில் அப்படி ஓடினவரைத் தெரு பார்த்ததில்லை. வீட்டுக்குள் நுழைந்து குடத்தை எட்டி உதைத்தார். பித்தளைக் குடம் உருண்டு சுவரில் மோதியது. ஆதிலட்சுமி ஓவென்று கத்தினாள். அதே நேரம் தோட்டத்துப் பக்கமிருந்து சந்திரகலாவின் குரல் கேட்டது.

"அம்மா... கண்ண இருட்டிக்கினு வருது. மூணு வாட்டி போயிட்டேன்..."

குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். போகிற வழியெல்லாம் வாந்தி. வரண்டாவில்தான் பாய் கிடைத்தது. கையில் ஊசி குத்திப் பாட்டில் ஏற்றினார்கள். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "துடிப்பு ரொம்பக் கம்மியா இருக்கு. நாளைக்குக் காலையில பார்த்துட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார். அப்பாசாமிக்கு அழுகைகூட வரவில்லை. குழி வெட்டிய இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லிவிடலாமா என்று ஆதிலட்சுமியின் பக்கம் திரும்புவார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாட்டிலில் சொட்டுவதை எண்ண ஆரம்பிப்பார்.

"காலையில வேலைக்குப் போயிட்டு வரப்போ, மாடத்துல இருக்கற அந்தப் பூவ எடுத்துக்கினு வாங்க. புள்ள தலமாட்டுல வெக்கணும். ஆத்தா குடுத்த பூ, கைவிட மாட்டா" என்றாள் அவள்.

விடிந்தால் புதன்கிழமை. குட்டைக்கரைத் தெருவுக்கு முறை. தெரு மொத்தமும் அவரவர் குழிக்குள் இறங்கிக் காத்திருந்தது. நாலு நாள் தாகம். அப்பாசாமி வந்தார். சாவியை வால்வில் மாட்டவில்லை. தோளிலிருந்து இறக்கித் தரையில் போட்டார்.

"தண்ணி வுட மாட்டேன்" என்றார்.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாய்யா வெளையாடறியா? நாக்கு வறண்டு கெடக்கறோம்!"

"பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்தா எங்கள ஏன் சாவடிக்கற?"

"சீக்கு இந்தத் தண்ணிலதான் வருது. குழியில நிக்கற சாக்கட குழாய்க்குள்ள போவுது, குழாய்ல வர்றத நாம குடிக்கறோம். கூழும் இல்ல, ஆத்தாளும் இல்ல. எல்லாக் குழியையும் மூடுங்க. மேல குழாய் வெச்சித் தர்றேன். அதுக்கப்புறம்தான் தொறப்பேன்" என்றார் அப்பாசாமி.

"மேல வெச்சா தண்ணி எங்க ஏறும்? முதல் நாலு வீட்டுக்காரங்க குடிப்பாங்க, நாங்க செத்துப் போறதா?" என்று எதிர்வீட்டுக்காரி கையை நீட்டிக் கேட்டாள். நியாயமான கேள்விதான். அவள் பின்னாலிருந்து ஒருத்தி, "மொதக் குழிய வெட்டுனது யாரு, கேளுங்கடி" என்றாள்.

"நான்தான்" என்றார் அப்பாசாமி. "பொன்னி வீட்டுல வெட்டுனது நான்தான். என் வீட்டுல எல்லாத்தையும் விட ஆழமா வெட்டுனதும் நான்தான். ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, வேலை போனா போவட்டும். சின்னசாமி செத்ததுக்கு என்னைய ஜெயில்ல போட்டாலும் போடட்டும்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு நடந்தார். கூட்டமும் திட்டிக்கொண்டே பின்னால் போனது. தான் பதித்த கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் குழியில் தள்ளினார். மண்ணை வெட்டி வெட்டிப் போட்டார். மூச்சு வாங்கியது. ஒருத்தரும் கை கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. பாதி நிரம்பியபோது ஆஸ்பத்திரியிலிருந்து பொன்னி வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"இத அன்னைக்கே சொல்லக் கூடாதாண்ணா?"

"அன்னைக்கு எனக்கே தெரியாதும்மா."

பொன்னி திரும்பி நடந்தாள். தன் வீட்டுக்குப் போய், கூடையில் மண் அள்ளித் தன் குழியில் கொட்ட ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். சேதி கேட்டு வந்த ராமதாஸ், லாரியில் தண்ணீர் அனுப்பச் சொல்கிறேன் என்று சைக்கிளில் ஏறினார். லாரி எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு, பார்க்கிறேன் என்று சொன்னார்.

அப்பாசாமி வீட்டுக்குள் போனார். மாடத்தில் பூ சுருங்கிக் கிடந்தது. எடுக்கக் கை போனது, திரும்பி வந்துவிட்டது. வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். வரண்டா தூரத்தில் தெரிந்ததும், ஆதிலட்சுமி எழுந்து நிற்கிறாளா, தலையில் அடித்துக்கொள்கிறாளா என்று பார்க்கப் பயந்து, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

சந்திரகலா கண் திறந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவர் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே மெல்ல ஒரு உதை. அவர் கையிலிருந்த சேறு அவள் புடவையில் ஒட்டியது. அப்போதுதான் மனிதர் வாய்விட்டு அழுதார்.

"துடிப்பு நல்லாக் கேக்குதாம். டாக்டரம்மா இப்பதான் சொல்லிட்டுப் போனாங்க. நான் சொன்னேன் இல்ல, ஆத்தா கைவிட மாட்டான்னு? பூ எங்க?" என்று கேட்டாள் ஆதிலட்சுமி.

அப்பாசாமி மகளின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"அது ஆத்தா குடுத்த பூ இல்ல லட்சுமி. பொன்னி வீட்டுக் குழியில கெடந்த பூ. சாக்கடையோட சேந்து நம்ம குழாய்ல வந்திச்சி. அந்தத் தண்ணிதான் கலாவ இங்க படுக்க வெச்சிது. குழிய வெட்டுனது நான்."

ஆதிலட்சுமி கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். வேளைக்கு ஒரு சொம்பு. அவள் கையால்தான் கொடுத்தாள். திட்டுவாள், அடித்துக்கொண்டு அழுவாள் என்று அவர் காத்திருந்தார்.

"நம்ம வீட்டுக் குழி?" என்று கேட்டாள்.

"மூடிட்டேன்."

அவள் மகளின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். புடவையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நாளன்னைக்கு இவள வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். கொதிக்க வெச்ச தண்ணியாத்தான் குடுக்கணுமாம். தண்ணிக்கு எங்கங்க போறது?"

இருபத்திரண்டு தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற அப்பாசாமி, அன்று சாயங்காலம் குடத்தோடு சத்திரத்துக் கிணற்று வரிசையில் போய் நின்றார்.